ஏரியில் நடந்த புள்ளி

வெர்னா காங்கஸின் போன் ஒருமுறை அணைந்து மறுபடி உயிர்பெறுவதற்குள் ஒரு பானைக் காப்பி இறங்கிவிடும். முன்பெல்லாம் அப்படி இல்லை. போன இலையுதிர் காலத்தில் வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகுதான் அதற்கு இந்தச் சோம்பல் பிடித்தது. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வட்டம் தோன்றும். சுற்றும். நின்றுவிட்டதோ என்று கையில் எடுத்தால் மறுபடி சுற்றும்.

கிறிஸ்துமஸுக்கு டுலூத்திலிருந்து வந்திருந்த மகள் கிறிஸ்டன், "அம்மா, இது கிழடாயிடுச்சு, வேற வாங்கு," என்றாள்.

"உங்கப்பாவும்தான் கிழடாயிட்டாரு. அவரையும் மாத்திடலாமா?"

மகள் சிரித்தாள். அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆர்வித் சிரிக்கவில்லை. அவன் சிரித்துக் கொஞ்ச நாளாகியிருந்தது.

முப்பது வருஷம் மரக்கட்டை லாரி ஓட்டியவன் அவன். அக்டோபரில் ஒரு நாள் காலை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பி லாரியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். யாருக்கும் அடியில்லை. ஆனால் டாக்டர் இதயத்தைப் பார்த்துவிட்டு, இனி சக்கரத்தைத் தொடக் கூடாது என்று உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. ஏரி உறைந்ததும் சறுக்குப் பெட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, காலையில் பனிமேல் நடந்து போவான். பனியில் துளையிட்டு, மேலே கூடாரம் அடித்து உட்கார்ந்து டிரவுட் மீன் பிடிப்பான். இருட்டும்போது வருவான். பிடித்த மீனைப் பாதி நாள் கொண்டுவருவதும் இல்லை, திரும்பத் துளைக்குள்ளேயே விட்டுவிட்டதாகச் சொல்வான். அவன் தனியாகப் போகிறானே என்றுதான் கிறிஸ்டன் இரண்டு போன்களிலும், ஒருவர் இருக்குமிடத்தை மற்றவருக்குக் காட்டும் மேப்பைப் போட்டுவைத்துவிட்டுப் போனாள். வெர்னா எப்போது திறந்து பார்த்தாலும் விரிகுடாவின் வெள்ளைமேல் ஒரு நீலப் புள்ளி அசையாமல் நிற்கும். அதுதான் அவள் புருஷன்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தேவாலயத்தின் நிலவறையில் பெண்கள் பாஸ்டி என்னும் இறைச்சி அப்பம் செய்துகொண்டிருந்தார்கள். கோஸ்கி துறை என்ற அந்த ஏரிக்கரை ஊரில் தவக்காலச் சனிக்கிழமைகளில் இது வழக்கம். ஊரே வந்து சுடச்சுட வாங்கிப் போகும். ருட்டபாகா கிழங்கைத் தோல் சீவி நறுக்குவது ஒரு மேசை, மாட்டிறைச்சியும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கலப்பது ஒரு மேசை. தேய்த்த மாவு வட்டத்தில் கலவையை வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறு திரித்தாற்போல் முறுக்கி மூடுவது வெர்னாவின் வேலை. எதிரே நின்று மாவு தேய்த்தவள் ஐரீன் லாம்பினென். ஓரம் நூலளவு தடித்தாலும் குற்றம் சொல்கிறவள். ஊரில் யாருக்கும் அஞ்சாத வாய்.

ஜன்னல் விளிம்பில் மாவுப் பொட்டலத்தின்மேல் சாய்த்துவைத்திருந்த போன் டிங் என்றது. புதிய அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்டது. காலையிலிருந்து அது கேட்பது நான்காவதோ ஐந்தாவதோ தடவை.

"அந்தச் சனியனுக்கு ஒரு பதிலச் சொல்லேன்டி," என்றாள் ஐரீன். "கடன்காரன் மாதிரி வாசல்ல நின்னு தட்டிக்கிட்டே இருக்கு."

"போட்டா இன்னும் மெதுவாகும்."

"போடலன்னா மெதுவாகாதா? எனக்கு எழுபத்தொண்ணு. நான் ஒரு அப்டேட்டும் போட்டுக்கல. படியேற எனக்கு எவ்வளவு நேரமாகுதுன்னு பாத்தியா?"

வெர்னா சிரித்துக்கொண்டே மாவுவிரலால் 'சரி' என்பதைத் தொட்டாள். திரை இருண்டது. வெள்ளை வட்டம் வந்தது.

வேலை ஓடியது. நிலவறையின் சின்ன ஜன்னல்கள் தரைமட்டத்தில் இருந்தன. காலையில் பளிச்சென்று இருந்த பனி இப்போது மங்கலாக, பால் தெளித்தாற்போல் தெரிந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"காத்து திரும்பிடுச்சு," என்றாள் ஐரீன். "தென்மேக்கு. மூடுபனி ஏறுது. ஆர்வித் வீட்லதான இருக்கான்?"

"காலைல நான் கிளம்பும்போது பெட்டியக் கட்டிக்கிட்டு இருந்தான்."

ஐரீனின் உருளைக்கட்டை ஒரு கணம் நின்றது. தென்மேற்குக் காற்று அடித்தால் விரிகுடாவின் பனி கரையை விட்டுப் பிய்ந்து ஏரிக்குள் போகும் என்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். சுப்பீரியர் ஏரிக்குள் போனது திரும்பி வராது.

"அவனுக்குத் தெரியாத காத்தா," என்று ஐரீன் தனக்கே சொல்வதுபோல் சொன்னாள். கட்டை மறுபடி உருண்டது.

வெர்னா போனைப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து ஒரு தட்டு இறங்கி, இன்னொரு தட்டு ஏறியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள். பின்பக்கம் காய்ச்சல் அடிப்பதுபோல் சுட்டது. வட்டம் மறைந்து, 'செயலிகள் தயாராகின்றன' என்று வந்தது. பிறகு மறுபடி இருள். பிறகு மறுபடி வட்டம்.

ஒருவழியாகத் திரை திறந்தபோது அதில் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. இரண்டும் ஆர்வித்.

ஆர்வித் பனியிலிருந்து ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குள்ளிருந்தே அறைக்கு அறை கூப்பிடாதவன்.

அவள் திருப்பி அடித்தாள். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண்குரல், அவர் எடுக்கவில்லை, செய்தி விடுங்கள் என்றது. வெர்னா மேப்பைத் திறந்தாள். நீலப் புள்ளி இருந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு மயிரிழை நகர்ந்தது.

"ஐரீன், இங்க வந்து பாரு. நகருதா, எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

ஐரீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். புள்ளி நகர்ந்தது. மனிதன் நடக்கிற வேகம்.

"நடக்கிறான்," என்றாள் ஐரீன்.

"கரைக்கா?"

ஐரீன் மாவோடு இருந்த ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். "கோட்டப் போடு. கிளிஃபர்டக் கூப்பிடுறேன்."

படகுத்துறையில் மூடுபனி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கரைப்பனியின் விளிம்பு தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றும் இல்லை. வெள்ளைக்குள் எங்கோ பனி உறுமியது. பெரிய மாடு ஒன்று தூக்கத்தில் முனகுவதுபோல் நீண்டு, அடங்கி, வேறொரு திசையிலிருந்து பதில் வந்தது. தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர் பனிமேலும் தண்ணீர்மேலும் ஓடும் விசிறிப் படகை இழுவை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் கிளிஃபர்ட், ஆர்வித்தின் சித்தப்பா மகன். சிவந்த முகம், தாடியில் பனித்துளி.

"போனக் காட்டு வெர்னா."

அவன் வெர்னாவையும் ஐரீனையும் தங்கள் லாரிக்குள் ஏற்றி, தானும் வெர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். புள்ளி வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது, கோடு போட்டாற்போல் நேராக. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"வழி தெரியாமப் போறானோ? மூடுபனில?"

"வழி தெரியாதவன் சுத்திச் சுத்தி நடப்பான். இப்படி நேரா நடக்கமாட்டான்." கிளிஃபர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "வெர்னா, தப்பா எடுத்துக்காத. காலைல ஏதாவது சொன்னானா?"

"என்ன சொல்றது?"

"ஏதாவது. இன்னைக்கு இந்தக் காத்து வரும்னு நேத்தே ரேடியோல சொன்னாங்க. இந்தக் காத்துக்கு ஐஸ்ல கால வைக்காதடான்னு எங்களுக்கெல்லாம் சொல்றவனே அவன்தான்."

வெர்னா நினைத்துப் பார்த்தாள். காலையில் அவன் இரண்டு முட்டை தின்றான். தட்டைக் கழுவி வைத்தான். அவன் தட்டைக் கழுவுகிறவன் இல்லை. அதைக் கிளிஃபர்டிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"என்னைக் கூப்பிட்டிருக்கான், ரெண்டு தடவை," என்றாள். "அப்ப இது அப்டேட் ஆகிக்கிட்டு இருந்துச்சு."

மறுபடி அடித்தாள். மணி போயிற்று. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எடுக்காத போனின் மணிக்கு இவ்வளவு நீளம் உண்டு என்று வெர்னாவுக்கு அதுவரை தெரியாது. புள்ளி மட்டும் நடந்துகொண்டிருந்தது, கூப்பிடுவது காதில் விழாதவனைப் போல.

அப்போது திரை தானாக இருண்டது.

"என்ன பண்ணின?"

"நான் தொடவே இல்ல."

வெள்ளை வட்டம் வந்தது. அப்டேட்டின் மிச்சம். அடியில் சின்ன எழுத்தில், அணைக்க வேண்டாம் என்றிருந்தது. கிளிஃபர்ட் தன் போனை எடுத்துப் பார்த்தான்; அதில் ஆர்வித்தின் எண் இருந்ததே தவிர மேப் இல்லை. ஆர்வித்தின் போனைத் தவிர கிறிஸ்டன் அதைப் போட்டுவைத்தது இந்த ஒரு போனில்தான். மற்ற இரண்டு ஆட்களும் லாரி ஜன்னலருகே வந்து நின்றார்கள். பின்னிருக்கையிலிருந்து ஐரீன் கழுத்தை நீட்டினாள். ஐந்து பேரும் ஒரு கையகலத் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பனி உறுமியது. வட்டம் நின்றது. சுற்றியது. பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களைப் போல அவர்கள் காத்திருந்தார்கள். இல்லை, அதற்கு எதிர்மாறான ஓர் அறைக்கு வெளியே.

"தட்டிப் பாரேன்," என்றாள் ஐரீன்.

"தட்டினா ஒண்ணும் ஆகாது."

"ஜெபம் பண்ணினா?"

"உன் இஷ்டம்."

ஐரீன் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

திரை திறந்தது. வெர்னா இரண்டு முறை வேறெதையோ திறந்து மூடி, அப்புறம்தான் மேப் வந்தது. முதலில் பழைய இடத்தில் ஒரு புள்ளி, சாம்பல் நிறத்தில். பிறகு அது அணைந்து, வெகுதூரம் தள்ளி நீலமாக முளைத்தது. பெரிய பாறைமுனையைத் தாண்டி, விரிகுடாவின் வாய்க்கு வெளியே.

கிளிஃபர்ட் போனைத் தன் கையில் வாங்கினான். முகத்தருகே கொண்டுபோனான்.

"அங்க ஐஸே கிடையாது," என்றான். "இந்தக் குளிர்காலம் முழுக்க அங்க உறையவே இல்ல. அங்க வெறும் தண்ணி."

புள்ளி தண்ணீர்மேல் நடந்தது. அதே வேகம், அதே நேர்க்கோடு.

வெர்னா அந்தப் புள்ளியோடு இத்தனை மாதம் வாழ்ந்திருக்கிறாள். அது அவனேதான் என்று நினைத்துப் பழகிவிட்டிருந்தாள். இப்போது அது வேறு யாரோ மாதிரி இருந்தது, ஆர்வித்தின் பெயரைச் சட்டைபோல் மாட்டிக்கொண்டு போகிற எவனோ ஒருவன்.

அந்நேரம் மூடுபனியை ஒரு காற்று தள்ளியது. ஜன்னலருகே நின்ற ஒருவன் கையை நீட்டினான். கரைப்பனிக்கு அப்பால், சாலையளவு அகலத்தில், கறுப்புத் தண்ணீர். அதற்கப்பால் விரிகுடாவின் பனி முழுவதும், நேற்றுவரை ஊரே வண்டியோட்டிய வெள்ளை முழுவதும், அப்படியே மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"அவன் நடக்கல," என்றான் கிளிஃபர்ட். "ஐஸ்பாளம் போகுது. அவன் அதுமேல நிக்கிறான்." இறங்கி ஓடினான்.

விசிறிப் படகின் இரைச்சல் மூடுபனிக்குள் போய் மெலிந்தது. வெர்னாவிடம் ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். புள்ளி எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல அவர்கள் போனார்கள். முனையைத் தாண்டு. இன்னும் கிழக்கே. இன்னும். ஐரீன் தான் கொண்டுவந்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு பாஸ்டியைப் பிட்டு வெர்னாவின் கையில் வைத்தாள். அவள் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதன் சூடு உள்ளங்கையில் ஆறிப்போனது.

பிறகு கிளிஃபர்டின் குரல் கரகரத்து வந்தது.

"கூடாரம் தெரியுது வெர்னா. பாளம் சின்னதாகிக்கிட்டே வருது. ஓரமெல்லாம் ஒடையுது, மேல ஏற முடியாது. கிட்டப் போய்ப் பாக்குறோம்." இரைச்சல். "கதவு தொறந்திருக்கு. உள்ள கோட்டு தொங்குது."

"அவன்?"

"அவனக் காணல. நீ போன் அடி. அடிச்சுக்கிட்டே இரு."

அவள் அடித்தாள். ஒரு காதில் போனின் மணி. மற்றொரு காதில், வாக்கி-டாக்கியின் கரகரப்புக்குள், மிக மெலிதாக, கூடாரத்துக்குள் அதே மணி. அவள் கூப்பிடுவது அவளுக்கே அங்கிருந்து கேட்டது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் முந்தி.

"கேக்குது," என்றான் கிளிஃபர்ட். "உள்ளதான் இருக்கு. தண்ணிக்கடியில மீன் எங்கன்னு காட்டுற பெட்டியோட பேட்டரில போனச் செருகியிருக்கான்போல, வெளிச்சம் தெரியுது. ஒரு தூண்டில் ஆடுது. ஏதோ மாட்டியிருக்கு." மறுபடி இரைச்சல். "ஆள் இல்ல வெர்னா. நாங்க சுத்திப் பாக்குறோம். ஐரீன், அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

காங்கஸ் வீடு துறையிலிருந்து தள்ளி, பாறைமுனையின் இந்தப் பக்கம், காட்டுச்சாலையின் கடைசியில் இருந்தது. ஐரீன் வண்டியை மாட்டுவண்டிபோல் ஓட்டினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெர்னா அழவில்லை. மடியில் போன் இருந்தது. அதை அணைக்கப் பயமாக இருந்தது. அணைத்தால் அது விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும், விழித்ததும் என்ன காட்டுமோ.

வளைவு திரும்பியதும் ஐரீன் பிரேக்கை மிதித்தாள்.

வீட்டுக்குப் பின்னால், கரையோரம் இருந்த சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நேராக மேலே எழும்பி, காற்றில் சாய்ந்து, ஏரிப்பக்கம் போயிற்று.

"நீ மூட்டிட்டு வந்தியா?" ஐரீனின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"இல்ல."

வெர்னா மடியைப் பார்த்தாள். புள்ளி ஏரிமேல் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து புகையைப் பார்த்தாள். பிறகு இறங்கி, முழங்கால்வரை பனியில் புதையப் புதைய நடந்தாள்.

சவுனாக் கதவைத் திறந்தபோது வெப்பம் முகத்தில் அடித்தது. மேல்படியில் ஆர்வித் கம்பளி உள்ளுடையோடு குறுகி உட்கார்ந்திருந்தான். ஒரு கால் முழுக்கச் சிவந்து கன்றியிருந்தது. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"கதவச் சாத்து," என்றான். "சூடு போகுது."

அவள் சாத்தினாள். உள்பக்கமாக. கோட்டும் பூட்ஸுமாகவே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையைத் தொட்டாள். கை இருந்தது. வெளியே ஐரீன் வாக்கி-டாக்கியில் கத்துவது கேட்டது: "இங்க இருக்கான், முண்டம் இங்க உட்காந்து ஆவி பிடிக்கிறான்."

கிளிஃபர்ட் வந்தான். வாசலில் நின்று ஆர்வித்தைப் பத்து நிமிஷம் திட்டினான். திட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு, கன்றிய காலை டாக்டரிடம் காட்ட மறுநாள் வருவதாகச் சொல்லி ஐரீனையும் அழைத்துக்கொண்டு போனான். வெர்னா பாலும் உருளைக்கிழங்கும் போட்டு மீன் மொயக்கா சூப் காய்ச்சினாள். ஆர்வித் போர்வையைச் சுற்றிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தான். போன் மேசை நடுவில் உப்புச் சாடியருகே கிடந்தது. புள்ளி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"எங்க போறான் பாரு," என்றான் ஆர்வித்.

அவள் சிரிக்கவில்லை. "எதுக்குக் கூப்பிட்ட?"

அவன் கரண்டியால் கிண்ணத்தின் அடியைச் சுரண்டினான்.

"நீ எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல," என்றான் கடைசியில். "காத்து வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் போனேன். எடுக்கலன்னதும், சரின்னு போனச் செருகி வச்சிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம். சட்டையோட வெளிய வந்து பாத்தா, வெடிப்பு. ஓரடி அகலம் இருக்கும். கீழ கறுப்பா தண்ணி. நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது அகலமாகுற வரைக்கும்."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"அப்புறம் ஏன் தாண்டின?"

"தெரியல வெர்னா. தாண்டினதுக்கப்புறம்தான் தாண்டிட்டேன்னு தெரிஞ்சுது. ஒரு காலு தண்ணிக்குள்ள போயிடுச்சு. திரும்பிப் பாத்தேன். கூடாரம் போகுது. கதவு தொறந்திருக்கு. உள்ள கோட்டு தொங்குறது, ஆள் நிக்கிற மாதிரியே இருந்துச்சு. நான்தான் அங்க நிக்கிறேன்னு கொஞ்ச நேரம் நினைச்சேன்." போர்வையை இழுத்துக்கொண்டான். "கையத் தூக்கிக் காட்டலாமான்னு பாத்தேன்."

வெர்னா எழுந்து அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். திட்டவும் வரவில்லை, அணைக்கவும் வரவில்லை. அவன் தோளில் இருந்த போர்வையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அப்போது போன் அடித்தது.

மேசைமேல் அதிர்ந்து, உப்புச் சாடியில் இடித்து, கிர்கிர் என்றது. வெளிச்சத்தில் பெயர் தெரிந்தது: ஆர்வித்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரல் பட்டதாக அது நினைத்துக்கொள்ளும், கடைசியாகப் பேசிய எண்ணுக்குத் தானே அடிக்கும் என்று மறுநாள் கிளிஃபர்ட் சொன்னான். இருக்கலாம். அப்போது அவர்களுக்கு அது தோன்றவில்லை.

"எடுக்காத," என்றாள் அவள்.

"நீ எடு," என்றான் அவன். "முன்னாடி ரெண்டு தடவை நீ எடுக்கல."

அவள் எடுத்துக் காதில் வைத்தாள். காற்று. காற்றுக்கு அடியில் தண்ணீர், எதையோ நக்குவதுபோல். மீன் இழுத்தால் ஒலிக்கும் தூண்டில் மணி ஒன்று விட்டுவிட்டுக் கிணுகிணுத்தது. அதற்கும் அடியில், யாரோ மூச்சுவிடுகிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆர்வித் கையை நீட்டினான். கொடுத்தாள்.

அவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். கண்கள் எதையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி இருந்த இடத்தில் கறுப்பு மட்டும் இருந்தது. மணி இன்னும் ஒருமுறை கிணுகிணுத்தது. அது அவளுக்கும் கேட்டது.

"நான் வீட்டுலதான் இருக்கேன்," என்றான் ஆர்வித், போனுக்குள். தணிந்த குரலில், லாரி ஓட்டிய காலத்தில் தூரத்து ஊர்களிலிருந்து பேசுவானே, அந்த மாதிரி. "நீ போ."